ரத்தக்கசிவு உள்ளவருக்கு ஸ்டென்ட்: வீட்டார் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

இதய நோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவன் நான். ஸ்டென்ட் வைக்கும் அறையான கேத் லேப் வாசலில் நிற்கும் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் மூன்றே கேள்விகள்: அடைப்பு எத்தனை சதவீதம், எத்தனை ஸ்டென்ட், எவ்வளவு செலவு. மூன்றும் கேட்க வேண்டியவைதான். ஆனால் "போன வருஷம் அப்பாவுக்கு மலத்தில் ரத்தம் போச்சு டாக்டர்" என்ற ஒரு வரியை நாங்களாகத் தோண்டிக் கேட்டால் ஒழிய யாரும் சொல்வதில்லை. அந்த ஒரு வரி முன்கூட்டியே தெரிந்தால் கை வழியாகச் செய்வதா தொடை வழியாகவா, எந்த ஸ்டென்ட், எத்தனை மாதம் மாத்திரை, இன்றைக்கே செய்தாக வேண்டுமா என்பது வரை எல்லாமே மாறலாம். ஸ்டென்ட் வைத்த மறுநாள் தெரியவந்தால் அதில் பாதி முடிவுகளை மாற்ற முடியாது. அதனால் வீட்டார் என்னிடம் கேட்டவற்றையும், கேட்டிருக்க வேண்டும் என்று நான் நினைப்பவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

வயிற்றில் ரத்தம் கசிந்ததற்கும் நெஞ்சில் ஸ்டென்ட் வைப்பதற்கும் என்ன சம்பந்தம்?

ஸ்டென்ட் என்பது மெல்லிய உலோக வலைக்குழாய். ரத்தக்குழாய்க்குள் வைத்ததும் உடம்பு அதை அந்நியப் பொருளாகத்தான் பார்க்கும். ரத்தத்தில் இருக்கும் பிளேட்லெட்டுகள் அதன் கம்பிகளில் ஒட்டிக்கொண்டு கட்டியாக உறைந்துவிட்டால், திறந்த குழாய் ஒரே நொடியில் மூடிக்கொள்ளும். அது பெரிய மாரடைப்பு, உயிர் போகலாம். கம்பிகளின் மேல் குழாயின் உள்தோல் வளர்ந்து மூடும் வரை இந்த ஆபத்து உண்டு. அதுவரை பிளேட்லெட்டுகளை அடக்கிவைக்க ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையும், பெரும்பாலும் க்ளோபிடோக்ரெல், கொடுக்கிறோம்.

ஸ்டென்ட் வைப்பது ஒரு மணி நேர வேலை. மாத்திரையோ மாதக்கணக்கில். ஸ்டென்ட் இருக்கும் இடத்தில் மட்டும் வேலை செய் என்று மாத்திரைக்குச் சொல்ல முடியாது. இரைப்பையில் ஆறாத புண் இருந்தால் அங்கேயும் ரத்தம் உறையாது. மூல நோய், கர்ப்பப்பைக் கட்டி, மூளையில் பலவீனமான ரத்தக்குழாய் எது இருந்தாலும் இதே கதைதான்.

யாரை "ரத்தக்கசிவு ஆபத்து அதிகம்" என்று கணக்கில் எடுக்கிறீர்கள்?

முன்பெல்லாம் இது அவரவர் அனுபவத்துக்கு விட்ட விஷயமாக இருந்தது. 2019-இல் பல நாட்டு இதய மருத்துவர்கள் கூடி ஒரு பொதுவான வரையறை தந்தார்கள். ஸ்டென்ட் வைத்த ஓராண்டுக்குள் பெரிய ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு 100-க்கு 4 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் மூளைக்குள் கசியும் வாய்ப்பு 100-க்கு 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் அவர் இந்தக் கூட்டத்தில் சேர்வார். ஒருவரை எப்படி அடையாளம் காண்பது என்பதற்குப் பெரிய காரணங்கள், சிறிய காரணங்கள் என்று பிரித்தார்கள். பெரியது ஒன்று, அல்லது சிறியது இரண்டு இருந்தால் போதும்.

பெரிய காரணங்களில் நம் ஊரில் நான் அடிக்கடி பார்ப்பவை: ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே, வாழ்நாள் முழுக்க வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை எடுக்க வேண்டிய நிலை, சிறுநீரகம் வடிகட்டும் திறன் 30-க்கும் கீழே போனது, கடந்த 6 மாதத்தில் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கோ ரத்தம் ஏற்றும் அளவுக்கோ கசிவு, பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே, ஈரல் சுருங்கி உள்ளே அழுத்தம் ஏறியது, கடந்த ஓராண்டுக்குள் கண்டறிந்த அல்லது சிகிச்சையில் இருக்கும் புற்றுநோய், எப்போதாவது மூளைக்குள் தானாக ரத்தம் கசிந்தது. 75 வயது, மிதமான சிறுநீரகக் குறைபாடு, லேசான ரத்தசோகை, மூட்டுவலி மாத்திரையையோ ஸ்டீராய்டையோ நெடுநாள் விழுங்குவது ஆகியவை சிறிய காரணங்கள்.

75 வயதான ஒருவர், முழங்கால் வலிக்குத் தினமும் மெடிக்கல் ஷாப் மாத்திரை. அவ்வளவுதான், இரண்டு சிறிய காரணங்கள் ஆகிவிட்டன. வெளியே பார்த்தால் திடகாத்திரமாக இருப்பார்.

அப்படியானால் அவருக்கு ஸ்டென்ட்டே வேண்டாமா?

எந்த நிலையில் வந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. குழாய் முழுக்க அடைத்து மாரடைப்போடு வந்திருந்தால் யோசிக்க நேரமில்லை. அடைப்பைத் திறப்பதுதான் உயிரைக் காக்கும். ரத்தக்கசிவைச் சமாளித்துக்கொண்டே திறப்போம்.

மாடி ஏறினால் நெஞ்சு இறுகுகிறது, உட்கார்ந்தால் சரியாகிறது, மாதக்கணக்கில் இப்படியே இருக்கிறது என்றால் கதை வேறு. 5,179 பேரை வைத்து நடந்த 'இஸ்கீமியா' ஆய்வின் முடிவு 2020-இல் வெளியானது. இப்படி நிலையான நெஞ்சுவலி உள்ளவர்களில், முதலிலேயே ஆஞ்சியோ பார்த்து ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்தவர்களுக்கும், மருந்தோடு தொடங்கியவர்களுக்கும் இறப்பில் வித்தியாசம் இல்லை. ஸ்டென்ட், பைபாஸ் பக்கம் போனவர்களுக்கு நெஞ்சுவலி நன்றாகக் குறைந்தது, அது உண்மை. இடப்பக்கத்துப் பிரதானக் குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்களும், இதயம் மிகவும் பலவீனமானவர்களும் அந்த ஆய்வில் இல்லை. அவர்களுக்கு இதைப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

ஆகவே வயிறு கசிந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு, நிலையான நெஞ்சுவலி மட்டும்தான் என்றால், "மருந்தில் வைத்துப் பார்க்கலாமா டாக்டர்? முதலில் வயிற்றைச் சரிசெய்துவிட்டு வரலாமா?" என்று கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. கேளுங்கள். கோபித்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை.

அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 8 தான். "வயசானா அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். ஸ்டென்ட் வைக்கலாமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

வயதானதால் மட்டும் ஹீமோகுளோபின் 8-க்கு இறங்காது. எங்கேயோ ரத்தம் போகிறது, அல்லது உடம்பு ரத்தம் உண்டாக்கவில்லை. சிறுநீரகம், இரும்புச்சத்து, பி12, தைராய்டு, குடலில் கட்டி என்று ஏதோ ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் இரண்டு மாத்திரையைத் தொடங்குவது, ஓட்டைக் குடத்தில் ஓட்டை எங்கே என்று பார்க்காமல் இன்னும் பெரிதாக்குவது போல.

இன்னொன்று: ரத்தசோகையே நெஞ்சுவலியைக் கொண்டுவரும். இதயத் தசைக்குப் போகும் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின்தான். அது பாதியானால், மிதமான அடைப்பு கூடப் பெரிய அடைப்பு போல வலிக்கும்.

அறுபது வயதை நெருங்கிய ஒரு அம்மா ஆஞ்சியோவுக்கென்று அனுப்பப்பட்டு வந்தார். நாலு தெரு நடந்தால் நெஞ்சு அடைக்கிறது என்றார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், காகிதம் போல வெளுத்திருந்தது. மூலம் இருக்கிறதா என்று கேட்டதற்குத் தலையாட்டினார். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். மகனை வெளியே அனுப்பிய பிறகுதான் "பன்னெண்டு வருஷமா இருக்குங்க, இவங்ககிட்ட எப்படிச் சொல்றது" என்றார். இரும்புச்சத்தை ஊசியாக ஏற்றி, மூலத்துக்கு வைத்தியம் செய்து, இதய மாத்திரைகளோடு இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னோம். திரும்பி வந்தபோது மார்க்கெட் போய் வருவதாகச் சொன்னார். ஆஞ்சியோவைப் பிறகு நிதானமாகவே செய்தோம். அந்த அடைப்புக்கு ஸ்டென்ட் தேவைப்படவில்லை.

எல்லாருக்கும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவசரமில்லாத கேஸில், ஹீமோகுளோபின் ஏன் குறைவு என்ற கேள்விக்கு விடை தெரிந்த பிறகே ஸ்டென்ட். எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டுமானால் ஸ்டென்ட்டுக்கு முன்னால் செய்வது சுலபம். ஸ்டென்ட் வைத்த மூன்றாம் வாரத்தில் குடலில் கட்டி இருப்பது தெரிந்து, அறுவைக்காக மாத்திரையை நிறுத்தவும் முடியாமல் தொடரவும் முடியாமல் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலை யாருக்கும் வர வேண்டாம். பெண்களிடம் மாதவிடாய்ப் போக்கையும் மூலத்தையும் தனியே, மெதுவாகக் கேட்க வேண்டும். அது எங்கள் பொறுப்பு. நாங்கள் மறந்தால் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள்.

கை வழியா, தொடை வழியா?

ஸ்டென்ட்டைக் கொண்டுபோகும் மெல்லிய குழாயை மணிக்கட்டிலோ தொடையிலோ இருக்கும் ரத்தக்குழாய் வழியாகத்தான் இதயத்துக்கு விடுகிறோம். முடிந்தவரை கை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தொடைக் குழாய் பெரியது, ஆழத்தில் இருப்பது. அங்கே கசிந்தால் ரத்தம் இடுப்புக்குப் பின்புறம் போய்த் தேங்கும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. முதுகு வலிக்கிறது என்பார், வியர்க்கும், பிபி இறங்கும். மணிக்கட்டுக் குழாயோ தோலுக்கு அடியிலேயே, எலும்பின் மேல் கிடக்கிறது. விரலை வைத்து அழுத்தினால் நின்றுவிடும். கைக்கு இன்னொரு குழாயும் ரத்தம் கொண்டுவருவதால் இது அடைத்தாலும் பொதுவாக விரல்களுக்கு ஆபத்து இல்லை.

1989-இல் மான்ட்ரியலில் லூசியன் காம்போ மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்து காட்டினார். 1992-இல் ஆம்ஸ்டர்டாமில் ஃபெர்டினாண்ட் கீமெனெய் அதே வழியாகச் சிகிச்சையும் செய்தார். 2015-இல் வெளிவந்த 'மேட்ரிக்ஸ்' ஆய்வு, மாரடைப்பு அல்லது அதை ஒட்டிய நிலையில் வந்த 8,404 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. கை வழியாகச் செய்தவர்களுக்குப் பெரிய ரத்தக்கசிவு குறைந்தது. 30 நாளில் இறந்தவர்கள் தொடை வழியில் 100-க்கு 2.2, கை வழியில் 1.6.

முடிந்ததும் மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டை கட்டுவோம். அதற்குள் சின்ன பலூன் இருக்கும். சிரிஞ்சால் காற்று ஏற்றியதும் அது துளையை அழுத்திப் பிடிக்கும். பிறகு நர்ஸ் வந்து வந்து காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார். இறக்கியதும் பட்டையின் ஓரத்தில் சிவப்பாகத் துளிர்த்தால், எடுத்த காற்றை உடனே திரும்ப ஏற்றிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து முயல்வார். இரண்டு மணி நேரம் போல ஆகும். அதுவரை அந்தக் கையை ஊன்றி எழக் கூடாது. கட்டில் பக்கத்தில் இருப்பவர் செல்போனைப் பார்க்காமல் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பெரிய உதவி. முன்கை வீங்கிக் கல் போல இறுகினால் உடனே கூப்பிடுங்கள்.

டயாலிசிஸ் செய்பவர்களும், விரைவில் தேவைப்படக்கூடியவர்களும் மட்டும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். டயாலிசிஸுக்கான கையின் குழாயை நாங்கள் தொடக் கூடாது.

சிகிச்சை நடக்கும்போது வேறென்ன கவனம் எடுப்பீர்கள்?

ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசியை எடைக்குத் தக்கபடி கொடுத்து, எவ்வளவு நேரத்தில் ரத்தம் உறைகிறது என்பதை அங்கேயே அளந்து பார்ப்போம். அதனால் எடையைத் தோராயமாகச் சொல்லாதீர்கள். 45 கிலோ பாட்டிக்கு 60 கிலோ என்று எழுதினால் மருந்து கூடிப்போகும். தொடை வழியாகத்தான் போயாக வேண்டும் என்றால் அல்ட்ராசவுண்டில் குழாயைப் பார்த்தே குத்துவது நல்லது. ஸ்டென்ட் சுவரோடு ஒட்டி முழுக்க விரிந்திருக்கிறதா என்று குழாய்க்குள்ளேயே கேமரா போன்ற கருவியை விட்டுப் பார்ப்பதும் இவர்களுக்கு முக்கியம். நன்றாக விரிந்த ஸ்டென்ட்டில்தான் மாத்திரையைச் சீக்கிரம் குறைக்கும் துணிச்சல் வரும்.

"மருந்து தடவாத ஸ்டென்ட் வைத்தால் மாத்திரை ஒரு மாதம் போதும்" என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். சரியா?

ஒரு காலத்தில் சரியாக இருந்த பேச்சு. அப்போது ரத்தம் கசியும் ஆட்களுக்கு வேண்டுமென்றே பழைய வெறும் உலோக ஸ்டென்ட்டைத்தான் வைத்தோம். மறுபடி அடைக்காமல் இருக்க மருந்து பூசிய ஸ்டென்ட்டில் உள்தோல் மெதுவாக வளர்வதால் ஓராண்டு மாத்திரை வேண்டும் என்ற பயம்.

அந்தப் பழக்கத்தை மாற்றியது 2015-இல் வெளிவந்த 'லீடர்ஸ் ஃப்ரீ' ஆய்வு. ரத்தக்கசிவு ஆபத்து அதிகமுள்ள 2,466 பேர். பாதிப்பேருக்கு வெறும் உலோகம், பாதிப்பேருக்குப் பாலிமர் (மருந்தைப் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் போன்ற பூச்சு) இல்லாமல் மருந்து மட்டும் பூசிய ஸ்டென்ட். இரு தரப்புக்கும் ஒரே ஒரு மாதம்தான் இரட்டை மாத்திரை. மருந்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு மறுபடி அடைத்துத் திரும்பவும் சிகிச்சை தேவைப்பட்டது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது (9.8-க்குப் பதில் 5.1 சதவீதம்). இதய மரணம், மாரடைப்பு, ஸ்டென்ட்டில் உறைவு மூன்றும் சேர்ந்த கணக்கும் அவர்களுக்குத்தான் குறைவு. அதற்குப் பிறகு வேறு நவீன ஸ்டென்ட்டுகளும் ஒரு மாத மாத்திரையோடு சோதிக்கப்பட்டுத் தேறின. இன்றைக்கு வெறும் உலோக ஸ்டென்ட்டைக் கேட்டு வாங்க எந்தக் காரணமும் இல்லை.

விலை பற்றி ஒரு வார்த்தை. 2017 பிப்ரவரியில் இந்திய அரசு ஸ்டென்ட்டுகளுக்கு உச்சவிலை வைத்தது: வெறும் உலோகத்துக்கு 7,260 ரூபாய், மருந்து ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய். பிறகு அவ்வப்போது திருத்தினார்கள். பில்லில் ஸ்டென்ட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டு மாத்திரை எத்தனை மாதம்?

இந்த ஒரு கேள்விக்கு மருத்துவ உலகம் நாற்பது வருடமாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறது. 1986-இல் பிரான்ஸிலும் ஸ்விட்சர்லாந்திலும் முதல் ஸ்டென்ட்டுகள் வைக்கப்பட்டபோது, உறைந்துவிடுமோ என்ற பயத்தில் ஆஸ்பிரினோடு வார்ஃபரின் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஸ்டென்ட்டும் உறைந்தது, ஆட்களுக்கும் ரத்தம் கசிந்தது. 1990-களின் நடுவில் இத்தாலியின் அந்தோனியோ கொலம்போ, ஸ்டென்ட்டைப் பலூனால் நன்றாக அழுத்தி விரித்துவிட்டால் அவ்வளவு மருந்து தேவையில்லை என்று காட்டினார். 1996-இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வு, பிளேட்லெட்டை அடக்கும் இரண்டு மாத்திரைகளே மேல் என்று நிரூபித்தது. 2006 வாக்கில் மருந்து ஸ்டென்ட்டுகள் தாமதமாக உறைவதாகச் செய்தி வந்ததும், எல்லாருக்கும் ஓராண்டு என்று நீட்டினார்கள். அந்த ஓராண்டுக் கணக்கு இன்னும் பல மருந்துச் சீட்டுகளில் பழக்கத்தால் ஓடுகிறது.

பொதுவான கணக்கு: திட்டமிட்டு வைத்த ஸ்டென்ட்டுக்கு 6 மாதம், மாரடைப்போடு வந்தவருக்கு 12 மாதம். ரத்தக்கசிவு ஆபத்து அதிகமுள்ளவருக்கு இதை 1 முதல் 3 மாதம் வரை குறைக்க முடியும். மாரடைப்பு என்றால் கொஞ்சம் கூடுதலாக யோசிப்போம். 2021-இன் 'மாஸ்டர் டாப்ட்' ஆய்வு 4,579 பேரில், முதல் மாதம் சிக்கலில்லாமல் கடந்தவர்களுக்கு அங்கேயே ஒரு மாத்திரையாகக் குறைத்தது. மாரடைப்போடு வந்தவர்களும் அதில் உண்டு. மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு கூடவில்லை. கவனிக்க வேண்டிய ரத்தக்கசிவு 9.4 சதவீதத்திலிருந்து 6.5-ஆக இறங்கியது.

குறைப்பது என்றால் ஒரு மாத்திரை தொடரும் என்று பொருள். அது ஆஸ்பிரினாகவும் இருக்கலாம், க்ளோபிடோக்ரெல்லாகவும் இருக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் "எந்த மாத்திரையை எந்தத் தேதியில் நிறுத்துவது" என்று தேதி போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். "தொடரவும்" என்று மட்டும் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு மூன்று வருடம் இரட்டை மாத்திரை விழுங்கி, கடைசியில் கறுப்பு மலத்தோடு வந்தவர்கள் உண்டு.

க்ளோபிடோக்ரெல்லுக்குப் பதில் டிகாக்ரெலார், பிராசுக்ரெல் என்று புதுசு இருக்கிறதே, அவை மேல் இல்லையா?

வீரியம் அதிகம். மாரடைப்பு வந்த, கசிவு ஆபத்து இல்லாத நடுவயதுக்காரருக்கு நல்லது. கசிவு ஆபத்து உள்ளவருக்குப் பெரும்பாலும் க்ளோபிடோக்ரெல்லே பாதுகாப்பு. பக்கவாதமோ, வந்து போன சின்ன வாத அறிகுறியோ இருந்தவருக்குப் பிராசுக்ரெல் கூடவே கூடாது. நம் மக்களில் கணிசமானவர்களுக்குப் பிறவியிலேயே க்ளோபிடோக்ரெல் சரியாக வேலை செய்யாத உடல்வாகு உண்டு என்பதும் உண்மைதான்; ஒருமுறை ஸ்டென்ட்டில் உறைந்தவருக்கு அதை நினைவில் வைத்து மருந்தை மாற்றுவோம்.

அப்பா ஏற்கெனவே இதயத்துடிப்புக் கோளாறுக்கு ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது மூன்று மாத்திரையா?

மூன்றும் சேர்ந்து நெடுநாள் கூடாது. 2019-இன் 'அகஸ்டஸ்' ஆய்வில் இப்படிப்பட்ட 4,614 பேர் இருந்தார்கள். ஆறு மாதத்தில், ஆஸ்பிரினும் சேர்த்து எடுத்தவர்களில் 16.1 சதவீதம் பேருக்குக் கசிவு, எடுக்காதவர்களில் 9.0. வார்ஃபரின் வகையை விட, புது வகை உறைவுத் தடுப்பு மாத்திரையான அபிக்ஸபான் எடுத்தவர்களுக்கும் கசிவு குறைவு. ஆகவே மூன்று மாத்திரை ஆஸ்பத்திரியில் இருக்கும் சில நாள், அதிகம் போனால் ஒரு மாதம். பிறகு ஆஸ்பிரினை எடுத்துவிட்டு உறைவுத் தடுப்பு மாத்திரையும் க்ளோபிடோக்ரெல்லும். ஆறு மாதமோ ஓராண்டோ ஆன பிறகு உறைவுத் தடுப்பு மாத்திரை மட்டும். ஸ்டென்ட் இருக்கிறதே, ஆஸ்பிரின் இல்லாமல் எப்படி என்று பயப்படுவார்கள். ஜப்பானில் நடந்த ஆய்வில் ஓராண்டுக்குப் பிறகு ஒரு மருந்து மட்டும் எடுத்தவர்களே நன்றாக இருந்தார்கள். இரண்டு எடுத்தவர்களில் இறப்பு கூடியதால் அந்த ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள்.

உலோக வால்வு வைத்தவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். அவர்களுக்கு அசிட்ரோம் அல்லது வார்ஃபரின்தான், புது மாத்திரைகள் ஆகாது. ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை இந்த மாதங்களில் அடிக்கடி செய்ய வேண்டும்.

வயிற்றைக் காக்க என்ன செய்யலாம்?

இரட்டை மாத்திரை எடுக்கும் காலம் முழுக்க அமிலம் குறைக்கும் மாத்திரை வேண்டும். க்ளோபிடோக்ரெல் எடுப்பவர் ஒமிப்ரசோல், எசோமிப்ரசோல் இரண்டையும் தவிர்த்துப் பான்டோப்ரசோல் எடுப்பது நல்லது. முன்னவை க்ளோபிடோக்ரெல் உடம்பில் வேலைக்கு வருவதைத் தடுக்கும். முன்பு அல்சர் இருந்தவருக்கு எச்.பைலோரி கிருமி இருக்கிறதா என்று பார்த்து அழித்துவிட வேண்டும்.

வலி மாத்திரை விஷயத்தில் என் வீட்டிலேயே பட்டிருக்கிறோம். என் பெரியப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து இரண்டாவது மாதம். தோட்டத்தில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக்கை ஐந்து நாள் போட்டிருக்கிறார். ஆறாம் நாள் காலை கழிப்பறையில் மயங்கி விழுந்தார். நான்கு யூனிட் ரத்தம் ஏற்றினோம். மருத்துவனான நான் அவரிடம் இதய மாத்திரையைப் பற்றி அத்தனை பேசியிருக்கிறேன், வலி மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து யாருக்கு ஸ்டென்ட் வைத்தாலும் முதலில் சொல்வது இதைத்தான்: வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபெனாக் எதுவும் வேண்டாம். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத மூட்டுவலிப் பொடியும் வேண்டாம்.

மாத்திரைப் பையில் எதைக் கவனிப்பது?

மறுபரிசோதனைக்கு வரும்போது பையை மேஜையில் கொட்டச் சொல்வேன். ஒருமுறை ஒரு மஞ்சள் பையிலிருந்து ஈகோஸ்பிரின் கோல்ட் ஒரு அட்டை, க்ளோபிலெட் ஏ ஒரு அட்டை, தனி ஈகோஸ்பிரின் ஒரு அட்டை விழுந்தன. முதல் அட்டையில் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெல்லும் கொழுப்பு மாத்திரையும் உண்டு. இரண்டாவதிலும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல். மூன்றாவது ஆஸ்பிரினேதான். மூன்று டாக்டர்கள் மூன்று சமயத்தில் எழுதியது. அவர் ஒன்றையும் விடாமல் நேரம் தவறாமல் சாப்பிட்டிருக்கிறார். அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். ஒரே பெயர் இரண்டு அட்டையில் வந்தால் போன் போட்டுக் கேளுங்கள்.

ரத்தம் கசிந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது, குறிப்பாக முதல் மாதத்தில். ஷேவ் செய்யும்போது கீறினால் ரத்தம் நிற்கக் கூடுதல் நேரம் ஆவது, பல் தேய்க்கும்போது லேசாகச் சிவப்பது, கையில் நீலத் திட்டு வருவது எல்லாம் மருந்து வேலை செய்வதன் அடையாளம். அடுத்த முறை வரும்போது சொன்னால் போதும். மூக்கில் வந்தால் தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். அண்ணாந்து பார்க்க வேண்டாம், ரத்தம் தொண்டைக்குள் போகும்.

தார் போலக் கறுத்து, ஒட்டும் பிசுபிசுப்போடு, கெட்ட நாற்றத்தோடு மலம் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், ஆனால் இப்படிப் பிசுபிசுக்காது. ரத்த வாந்தி, காப்பித்தூள் போன்ற வாந்தி, திடீர்த் தலைவலியோடு பேச்சுக் குழறுவது, நிற்க முடியாத தலைசுற்றல் என்றால் காத்திருக்காமல் 108.

அங்கே டாக்டர்கள் மாத்திரையை நிறுத்துவதா, ஒன்றை மட்டும் நிறுத்துவதா என்று முடிவு செய்வார்கள். அதற்கு அவர்களுக்குத் தேவைப்படும் முதல் தகவல் ஸ்டென்ட் வைத்த தேதி.

டெங்கு வந்தால்?

மழைக்காலத்தில் வருடா வருடம் வரும் கேள்வி. காய்ச்சல் என்றதும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். பிளேட்லெட் இறங்கும்போது அதை அடக்கும் மாத்திரைகளையும் கொடுத்துக்கொண்டிருப்பது ஆபத்து. ஸ்டென்ட் வைத்து மூன்றே வாரம் ஆனவருக்கு எல்லாவற்றையும் நிறுத்துவதும் ஆபத்து. ஓராண்டு கடந்தவருக்குச் சில நாள் நிறுத்திவைப்பது பெரும்பாலும் எளிதான முடிவு. முதல் சில மாதங்களில் இருப்பவரை வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, எண்ணிக்கையைத் தினமும் பார்த்து, அதற்கேற்ப ஒரு மாத்திரையாகக் குறைப்பதா முழுக்க நிறுத்துவதா என்று முடிவு செய்ய வேண்டும். எண்ணிக்கை ஏறியதும் மறக்காமல் திரும்பத் தொடங்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

பல் பிடுங்க வேண்டும், மூலத்துக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும். மாத்திரையை நிறுத்தலாமா?

ஒரு பல் பிடுங்க நிறுத்தத் தேவையில்லை. பஞ்சை வைத்து அழுத்தி, தையல் போட்டு ரத்தத்தை நிறுத்திவிடலாம். அவசரமில்லாத ஆபரேஷனை ஸ்டென்ட்டுக்குப் பிறகு ஆறு மாதம் தள்ளிப்போட முடிந்தால் நல்லது. புற்றுநோய் போலக் காத்திருக்க முடியாதது என்றால் குறைந்தது ஒரு மாதமாவது கடந்தபின், ஆஸ்பிரினைத் தொடர்ந்துகொண்டு, க்ளோபிடோக்ரெல்லை 5 நாள் முன்னால் நிறுத்திச் செய்வார்கள். அறுவை மருத்துவரும் இதய மருத்துவரும் ஒருவரோடு ஒருவர் பேசியாக வேண்டும். இருவருக்கும் நடுவில் நீங்கள் சேதி சுமந்துகொண்டு அலையாதீர்கள். இரண்டு பேரின் போன் நம்பரையும் வாங்கி அவர்களுக்குள் கொடுத்துவிடுங்கள்.

ஆஞ்சியோவுக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

சாப்பிடும் எல்லா மாத்திரையும், நாட்டு மருந்து உட்பட, அட்டையோடு. கடைசியாகப் பார்த்த ரத்தப் பரிசோதனைத் தாள். ஹீமோகுளோபின், பிளேட்லெட், கிரியாட்டினின் மூன்றும் அதில் இருக்கட்டும். பழைய எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட், எவ்வளவு பழசானாலும். அன்று காலை பார்த்த எடை. இவற்றோடு ஒரு துண்டுச் சீட்டில், எப்போது, எங்கே, எவ்வளவு ரத்தம் போனது, ரத்தம் ஏற்றினார்களா, குடிப்பழக்கம் உண்டா, கீழே விழுந்து தலையில் அடிபட்டதுண்டா என்று எழுதி, ஆஞ்சியோவுக்குச் சம்மதக் கையெழுத்துக் கேட்கும்போது அந்த டாக்டர் கையில் கொடுங்கள். முடிந்து வீட்டுக்குப் போகும்போது ஸ்டென்ட்டின் பெயர், அளவு, தேதி அச்சடித்த அட்டை ஒன்று தருவார்கள். அதைப் போனில் படம் பிடித்து, வீட்டில் இரண்டு பேர் போனிலாவது வைத்திருங்கள்.